அடித்துவிட்ட ஆறு பெயர்கள்

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலவையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும்,

போன வெள்ளிக்கிழமை இரவு பள்ளியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பு மூன்றே வரி. சனிக்கிழமைப் பாறையேறும் பயிற்சி இனி மாணவர்களுக்கு மட்டும். மாணவிகளுக்கு அதே நேரத்தில் பள்ளி மண்டபத்தில் கோலாட்டம். பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு. அதற்குக் கீழே பெயர்ப் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டிருந்தீர்கள். பதினான்கு பெயர்களில் ஆறு பெயர்களின் மேல் நீல மையில் கோடு. பட்டியல் பயிற்சியாளரான நான் கைப்பட எழுதிக் கொடுத்தது. கோடு உங்களுடையது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆண்டு 5 படிக்கும் பிள்ளை ஒருத்தி அம்மாவின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், நான் ஏதாச்சும் தப்பா முடிச்சு போட்டுட்டேனா?" என்று கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செயலவைக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் கேட்டேன். "முடிவு எடுத்தாச்சும்மா, இனிமே பேசி என்ன ஆகப் போகுது" என்றார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ உங்களில் ஒருவர் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கோலாட்டத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் ஆடியவள்தான், நன்றாகவே ஆடுவேன். கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அழாமல் இருக்க வேறொன்றைக் கொடுப்பதுபோல் அதைக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலில் அதையே பேசுவோம்.

பயிற்சி தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. உங்களில் ஒருவர்கூட ஒரு சனிக்கிழமையாவது அங்கே வந்ததில்லை. தைப்பூசத்துக்கு நாம் எல்லாரும் போவது பத்துமலையின் முன்பக்கம். 272 படி, 42.7 மீட்டர் முருகன் சிலை, புறா, இளநீர்க் கடை. அதே மலையைச் சுற்றிக்கொண்டு டாமாய் பக்கம் போனால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் பாறை ஏறுகிறவர்களுக்கு அதுதான் தாய்வீடு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். ஒரு சுவருக்கு நியாமுக் என்று பெயர், மலாயில் கொசு. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

அந்தப் பாறைக்கு ஏறத்தாழ 40 கோடி வயது என்றும், அது ஒரு காலத்தில் கடலடியில் சேர்ந்த சிப்பியும் ஓடும் இறுகி உண்டானது என்றும் முதல் நாள் பிள்ளைகளிடம் சொன்னேன். "அப்ப முருகன் கடல்லயா டீச்சர் இருந்தாரு?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று, "திருச்செந்தூர்ல கடலுக்குப் பக்கத்துலதானே இருக்காரு" என்றாள். அந்த இரண்டு பேரும் நீங்கள் கோடு போட்ட ஆறு பேரில் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஏறுவது மேலிருந்து வரும் கயிற்றில். பாறையின் மேலே அடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் வழியாகக் கயிறு போகும். ஒரு முனை பிள்ளையின் இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் பட்டையில், மறுமுனை கீழே நிற்கும் என் இடுப்பில், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியில். கை நழுவினால் கயிறு இழுபடும் அளவுக்கு ஓரடி ஈரடி இறங்கி, பிள்ளை அந்தரத்தில் தொங்கும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் தொங்கும். கயிற்றைக் கோர்க்கும் உலோக வளையமான கராபினர் ஒவ்வொன்றும் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்கும்படி செய்தது, அதாவது ஏறத்தாழ 2,000 கிலோ எடை. நம் பிள்ளைகளில் மிகவும் கனமானவன் 41 கிலோ. காலை ஏழரைக்கு ஆரம்பித்து பதினொன்றுக்குள் கயிற்றைச் சுருட்டிவிடுவோம். மத்தியான மழை வந்தால் சுண்ணாம்புப் பாறை வழுக்கும், இடியும் இருக்கும்.

முடிச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கயிற்றை எட்டு என்ற எண்ணைப்போல் வளைத்து, ஹார்னஸின் இரண்டு வளையங்களிலும் நுழைத்து, வந்த தடத்திலேயே திருப்பிக் கோர்க்க வேண்டும். சரியாகப் போட்டால் கயிறு ஜோடி ஜோடியாகப் படுத்திருக்கும், ஐந்து ஜோடி தெரியும். எனக்குப் போன் செய்த பிள்ளை இதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எண்ணி முடித்ததும் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். அப்புறம் என்னிடம் வந்து என் கராபினரின் பூட்டைத் திருகிப் பார்த்துவிட்டு, "பூட்டியாச்சு டீச்சர்" என்பாள். அதன் பிறகுதான் பாறையில் கை வைப்பாள். என் பூட்டு திறந்திருந்ததை ஒரு தடவை அவள்தான் கண்டுபிடித்தாள். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இதை மறைக்காமல் சொல்கிறேன். ஒருவர் தவறை இன்னொருவர் பிடிக்கத்தானே இந்த முறையே இருக்கிறது.

உலகம் கொண்டாடும் பாறை ஏறுநர்களில் ஒருவர் அமெரிக்காவின் லின் ஹில். 1989-இல் பிரான்சில் ஒரு பாறையில் பேச்சு மும்முரத்தில் முடிச்சை முழுதாகப் போடாமலே ஏறிவிட்டார். மேலே போய்ச் சாய்ந்தபோது கயிறு கையோடு வந்துவிட்டது. 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். மரக்கிளை தாங்கியதால் பிழைத்தார். அதே பெண்தான் 1993-இல் எல் கேப்பிட்டன் என்ற ஏறத்தாழ 900 மீட்டர்ப் பாறையின் 'நோஸ்' பாதையை, கருவியைப் பிடித்து ஏறாமல் கையாலும் காலாலும் மட்டுமே ஏறி முடித்தார். அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் அப்படி ஏறியதில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் சொல்வது அந்த 1989-க்காகத்தான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முடிச்சை இன்னொருவரிடம் காட்டு.

இப்போது கேட்கிறேன். அதே போல்ட், அதே கயிறு, அதே நான். ஆண் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு அது பாதுகாப்பு என்றால், பெண் பிள்ளைகள் ஆறு பேருக்கு எப்படி ஆபத்தாக மாறியது?

செயலவை உறுப்பினர் ஒருவர் குழுவில் சபாவின் கினபாலு மலையில் நடந்த நிலநடுக்கச் செய்தியைப் பகிர்ந்திருந்தார். அந்தச் செய்தியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். 2015 ஜூன் 5, நிலநடுக்க அளவு 6.0. மலையில் இருந்த 18 பேர் இறந்துபோனார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில் உண்டு. அண்ணா, அதைக் காரணமாகச் சொல்வதென்றால் பதினான்கு பிள்ளைகளையும் நிறுத்துங்கள். நான் வாதாடுவேன், ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். எட்டுப் பையன்களை அனுப்பிவிட்டு அந்தச் செய்தியைப் பெண் பிள்ளைகளை நிறுத்த மட்டும் காட்டினால் என்ன அர்த்தம்?

அர்த்தம் எனக்குத் தெரியும். அறிவிப்பில் எழுதாத காரணங்கள் என் காதுக்கு வந்துவிட்டன. வெயிலில் கறுத்துவிடுவார்கள். முட்டியில் தழும்பு விழும். ஒருத்தி போன பள்ளி விடுமுறையில் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனிமேல் கயிற்றில் தொங்குவது அழகாகவா இருக்கும். அது முருகன் மலை, அந்த நாட்களில் அங்கே போகலாமா. கடைசியாக, "நமக்கெதுக்குலா வம்பு".

கறுப்பு, தழும்பு இரண்டையும் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. தாண்டிப் போகிறேன்.

நான் இந்தப் பாறைக்கு வந்தது 24 வயதில், 2011-இல். அலுவலகத்தில் கூட வேலை செய்த சீனத் தோழி கூட்டிப் போனாள். முதல் நாள் மூன்று மீட்டர் ஏறிவிட்டு, கால் தையல் இயந்திரம்போல் ஆடியதில் இறங்கிவிட்டேன். அடுத்த வாரமும் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் காலணியையும் ஹார்னஸையும் காடியின் (காரின்) பின்பெட்டியில் பழைய சேலைக்குக் கீழே எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். கண்டுபிடித்த அன்று அம்மா கேட்டது, "கைய கால ஒடச்சிக்கிட்டா எவன் கட்டுவான்?" சம்பாதிக்கிற பெண், 24 வயது, அப்படியும் ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. பத்து வயதிலேயே ஒளிக்காமல் இதைச் செய்ய இந்த ஆறு பேருக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது.

பத்துமலைக்குப் பிறகு நிறைய இடங்களுக்குப் போனேன். தாய்லாந்தின் கிராபியில் ரைலே கடற்கரையில், தலைக்கு மேல் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைக் கட்டிப்பிடித்து ஏறினேன். அங்கே உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்கூட வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளுக்குள் விரிசல் விடும், அதனால் டைட்டானியம் போல்ட் போடுகிறார்கள். பளபளப்பை நம்பாதே என்று அங்கே கற்றேன். பத்துமலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் நானே ஒரு தடவை ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்ப்பது அதனால்தான். தமிழ்நாட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது அப்படியே ரயிலேறிக் கர்நாடகத்தின் பாதாமிக்குப் போனேன். சாளுக்கியர் குடைந்த குகைகள் இருக்கும் அதே சிவந்த மணற்பாறை. காலையில் விரலுக்கு இதமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் அடுப்புத் திட்டு. குரங்குகள் என் வாழைப்பழத்தை மட்டும் அல்லாமல், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடிப் பையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

கினபாலுவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். 2018-இல் போனேன். 4,095 மீட்டர். உச்சிக்குக் கீழே பனார் லாபான் என்ற இடத்தில் தங்கி, விடியற்காலை இரண்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கு நள்ளிரவில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது, கணக்குக்கு ஐந்து நாள் முன்னதாகவே. குளிரில் விரல் மரத்து, கழிவறையில் நின்றுகொண்டு திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். வழிகாட்டியாக வந்தவர் டூசுன் இனத்து அக்கா. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, சூடாக இஞ்சித் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஹார்னஸின் தொடைப் பட்டையை எப்படித் தளர்த்திக் கட்டினால் அடிவயிறு அழுந்தாது என்று காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அந்த இருட்டில் எனக்கு முன்னால் வரிசையாக விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பாட்டி பால்மரம் சீவியவர். விடியுமுன்னே இதேபோல் நெற்றியில் விளக்கோடு, தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கிளம்புவார். பாம்பு உண்டு, பன்றி உண்டு, மழைக்கால வழுக்கல் உண்டு. மாதத்தில் மூன்று நாள் வரவேண்டாம் என்று எந்தத் தோட்டக் கிராணியும் (எழுத்தரும்) சொன்னதாகப் பாட்டி சொன்னதில்லை. சூரியன் வரும்போது கருங்கல் சரிவில், கயிற்றை ஒரு கையால் பிடித்து, காலணி அடியின் உராய்வை மட்டும் நம்பி நடந்துகொண்டிருந்தேன். மூன்று அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இறங்கும்போது பாறையில் இரும்புப் படி பதித்த வியா ஃபெராட்டா பாதை. வலி இருந்தது. கை நடுங்கவில்லை.

கினபாலு டூசுன் மக்களுக்குச் சாதாரண மலை இல்லை. முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம். அந்த மலையில் அந்த இனத்துப் பெண்கள் முதுகில் சுமை தூக்கிக்கொண்டு ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். மலையை அவர்கள் நம்மைவிடக் குறைவாக மதிக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முருகன்மேல் பக்தி எனக்கும் உண்டு. பாறை ஏறும் இடம் கோயிலிலிருந்து தள்ளி, மலைக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியும் அந்த நாட்களில் மகளை அனுப்ப வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால் அது அவர் வீட்டு முடிவு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அதை ஒரு செயலவை ஆறு வீட்டுக்கும் சேர்த்து எடுப்பதைத்தான் ஏற்கமாட்டேன். ஒரு பிள்ளை பெரியவளான செய்தி கூட்டத்தில் பேச்சாக ஓடியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இது தெரிந்தால் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்த அக்காமார் ஒருவராவது யோசித்தீர்களா?

நம் பள்ளி மேடைப் பேச்சுகளில் 1997 மே 23 வராமல் இருக்காது. எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் மலேசியாவின் முதல் ஆட்களாக எவரெஸ்ட் உச்சியில் நின்ற நாள். அப்போது எனக்குப் பத்து வயது. பேச்சுப் போட்டியில் அவர்களைப் பற்றிப் பேசி ஒரு பென்சில் பெட்டி பரிசு வாங்கினேன். பேசியது பெண் பிள்ளை என்பதால் யாரும் மறுக்கவில்லை. அதற்கு 22 ஆண்டுக்கு முன்பே, 1975-இல், ஜப்பானின் ஜுன்கோ தபெய் என்ற பெண் அந்த உச்சியை எட்டிவிட்டார் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை. பாறையேற்றம் இப்போது ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2024 பாரிஸில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரொஸ்வாவ் 15 மீட்டர்ச் சுவரை 6.06 விநாடியில் ஏறினார். பிள்ளைகளுக்கு அந்தக் காணொளியைக் காட்டியபோது பையன்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கும் இடங்கள் உண்டு. ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் கழிவறை இல்லை, பெண் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே சிரமம். கூட வரும் பெரியவர்களில் பெண் நான் ஒருத்திதான், நான் கயிற்றில் நிற்கும்போது மற்றவர்களைப் பார்க்க இன்னொரு பெண் வேண்டும். அனுமதிப் படிவத்தை நான் அவசரத்தில் மலாயில் மட்டும் அடித்துக் கொடுத்தேன், பாட்டிமாருக்குப் புரிந்திருக்காது. ஹெல்மெட்டும் சின்ன அளவில் நான்குதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இவை எல்லாம் சரிசெய்ய வேண்டியவை. இதில் ஒன்றை எழுதி அனுப்பியிருந்தாலும் அடுத்த நாளே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன்.

ஆகவே கேட்கிறேன்.

வரும் சனிக்கிழமைக்கு முன் இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அடித்த ஆறு பெயர்களையும் அதே புலனக் குழுவில், அதே பட்டியலில் திரும்ப எழுதிப் போடுங்கள். பாதுகாப்புக் காரணம் ஏதாவது இருந்தால் கூட்டக் குறிப்பில் எழுத்தில் பதியுங்கள். அது தீரும்வரை பதினான்கு பேருக்கும் பயிற்சியை நிறுத்தி வைக்க நான் சம்மதிக்கிறேன். ஆறு பேருக்கு மட்டும் நிறுத்தினால், மீதி எட்டுப் பேருக்குக் கயிறு பிடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். தமிழிலும் மலாயிலும் புதுப் படிவம் தயாராக இருக்கிறது, நாளைக்கே தருகிறேன். தாய்மாரில் இரண்டு பேரைச் சனிக்கிழமை உதவிக்கு அனுப்புங்கள். ஏற வேண்டாம், கூட இருந்தால் போதும். உடை மாற்ற ஒரு சின்னக் கூடாரம், சின்ன ஹெல்மெட் ஆறு வாங்க சங்க நிதியிலிருந்து உதவுங்கள். விலைப் பட்டியலை இணைத்திருக்கிறேன், கோலாட்டக் குச்சிக்கும் உடைக்கும் ஒதுக்கியதைவிடக் குறைவுதான். போகும் வழியில் கழிவறைக்கு வேனை நிறுத்த ஓட்டுநரிடம் நானே பேசிவிட்டேன்.

தலைவர் ஐயாவும் செயலாளர் அக்காவும் ஒரு சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும். காலை ஏழேகாலுக்குப் பள்ளி வாசலில் வேன் நிற்கும். பசியாற நாசி லெமாக் நான் வாங்கி வருகிறேன்.

இன்னும் ஒன்று. அந்த ஆண்டு 5 பிள்ளையிடம் உங்களில் ஒருவர் நேரில் போய், அவள் போட்ட முடிச்சில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

இப்படிக்கு,
சனிக்கிழமைப் பாறையேறும் பயிற்சியாளர்,
கோலாலம்பூர்